நான்காம் வார்டின் பதிவேடு

ஸ்டாக்ஹோம்,
செப்டம்பர் 18, 1983

அன்புள்ள அக்கா,

நீயும் ரூனே அத்தானும் நலமா? உன் முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தானா, நிற்கும்போதும் இருக்கிறதா? போன கடிதத்தில் அதை எழுதவில்லை. நான் நலம். சளி மட்டும் விட்டபாடில்லை.

நீ அனுப்பிய லிங்கான் பழ ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. ஒரு புட்டியை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். தினமும் காலையில் செய்தி நிறுவனத்து நிருபர் ஒருவர் வந்து, அன்றைக்கு வந்த தபாலையெல்லாம் மேசையில் பரப்பிவைத்துப் படிப்பார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, பாதிப் புட்டியை அவரே காலி செய்துவிட்டார். "ஓம்புட்ஸ்மனுக்கு வர்ற புகாரையெல்லாம் படிச்சா வாய் கசக்குதும்மா, மருந்து மாதிரி சாப்பிடுறேன்" என்றார்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து ஏழு வருடம் முடிகிறது. எந்த அரசு அலுவலகத்தின் மீது மக்கள் புகார் எழுதினாலும் அதைப் படித்து, காகிதங்களை வரவழைத்து, அதை விசாரிக்கும் அதிகாரியான ஓம்புட்ஸ்மன் முன்னால் வைக்கிற வேலை. அலுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். எங்கள் ஓம்புட்ஸ்மன் ஹெட்வால் இந்தப் பருவத்தில் நிறையப் பயணம் போகிறார். எனக்குப் பயணம் எதுவும் இல்லை. வேலையைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

காட்டில் காளான் கிடைக்கிறதா? குளிர் தொடங்குமுன் முழங்காலை ஒரு மருத்துவரிடம் காட்டு. அத்தானுக்கு என் அன்பு.

சோல்வெய்


ஸ்டென்விக்,
அக்டோபர் 9, 1983

சோல்வெய்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். முழங்கால் நிற்கும்போதும் வலிக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி நேரம் நின்றேன்.

காலை ஏழு நாற்பது. எங்கள் மனநல வார்டில் ஷிஃப்ட் மாறி, முதல் காபியை ஊற்றியிருந்தோம். மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்த உயரமானவர் தன் கோட்டைக் கழற்றித் தானே ஆணியில் மாட்டினார். நான், "பார்வையாளர் நேரம் ரெண்டு மணிக்கு" என்றேன். "நான் நாடாளுமன்ற ஓம்புட்ஸ்மன், எனக்கு எல்லா நேரமும் பார்வையாளர் நேரம்தான் சிஸ்டர். நீங்க காபியக் குடிச்சு முடிங்க, நான் காத்திருக்கேன்" என்றார். நிஜமாகவே காத்திருந்தார். யாருக்கும் காபி இறங்கவில்லை.

தலைமை மருத்துவர் லின்ட்மார்க் பாதி சட்டைப் பொத்தானோடு ஓடிவந்தார். நோயாளிகளைக் கட்டிலில் பட்டை போட்டுக் கட்டிவைக்கும் நேரத்தை எழுதும் பதிவேடு வேண்டும் என்று உன் ஹெட்வால் கேட்டார். "முதல்ல மாவட்ட சபைக்கு போன் பண்ணணும்" என்றார் லின்ட்மார்க். "தாராளமா பண்ணுங்க. அவங்க குடுக்காதேன்னு சொன்னாலும் நீங்க எனக்குக் குடுத்துத்தான் ஆகணும், சட்டம் அப்படி. அதனால முதல்ல புத்தகம், அப்புறம் போன்."

பிறகு ஃபோல்கே என்ற நோயாளியோடு தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசினார். வெளியே வந்து பதிவேட்டில் ஜூன் மாதப் பக்கத்தை என்னிடம் காட்டி, "இந்தக் கையெழுத்து உங்களோடதா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல நாலு மணி நேரம்னு இருக்கு." இருக்கிறது என்றேன். லின்ட்மார்க் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் என் வார்டைப் பற்றிக் கேட்பாய். போன கடிதத்தில் கேட்கவில்லை. ஜாமைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்குத் தெரியும்தானே?

அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை.

குன்வோர்


ஸ்டாக்ஹோம்,
அக்டோபர் 16, 1983

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் விரும்புகிறேன்.

ஆகஸ்டில் ஃபோல்கேயின் தாய் எழுதிய புகார் என் மேசைக்குத்தான் முதலில் வந்தது. மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததும் ஹெட்வாலிடம் போய், "அங்க என் அக்கா வேலை பாக்குறா" என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் கோப்பை வேறு அறைக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வடக்கே ரயில் டிக்கெட் எடுத்திருப்பதை மட்டும் பார்த்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த டிக்கெட்தான் கண் முன்னால் இருந்தது. அதனால் ஜாமைப் பற்றி எழுதினேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் அது வேலைக்குத் துரோகம். சொல்லாமல் இருந்தது உனக்கு என்ன என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. இனி வார்டைப் பற்றி எனக்கு எழுதாதே. எங்கள் அலுவலகத்தில் நடக்கிற ஒரு விசாரணையைப் பற்றி எனக்கு ஒருவர் எழுதினால், அது என் வீட்டு முகவரிக்கு, என் பெயருக்கு, என் அக்காவிடமிருந்தே வந்தாலும் அலுவலகத்துக்கு வந்த கடிதம்தான். நான் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவானதை நாட்டில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். போன கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் ஆய்வுக் குறிப்பில் இருப்பதுதான் என்று ஈரிஸ் சொன்னதால் அது தப்பித்தது. ஈரிஸ் எங்கள் தபால் பதிவாளர்.

உன் முழங்காலைப் பற்றி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

சோல்வெய்


ஸ்டென்விக்,
நவம்பர் 6, 1983

அன்புள்ள சோல்வெய்,

நலம். முழங்காலில் நீர் கோத்திருக்கிறதாம். ஊசியால் எடுத்தார்கள்.

நேற்று அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் மூன்று முறை அணைந்தது. உன் பெயரிலும் ஒன்று வைத்தேன். அது அணையவில்லை. ரூனே, "சட்டப்படி எரியுது" என்றார். சிரித்தோம்.

வார்டைப் பற்றி எழுதக் கூடாது என்றாய். சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றி எழுதலாமா? நம் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஓகெசன் வந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு மருத்துவமனைதான் சோறு போடுகிறது, ஸ்டாக்ஹோமில் இருந்து ஒருவர் வந்து அதை இழுத்து மூட விடமாட்டேன் என்று பேசினார். "அவரைத் தேர்ந்தெடுக்கறதே நாங்கதான். வர்ற மே மாசத்தோட அவர் காலம் முடியுது. அத அவருக்கு ஞாபகப்படுத்துவோம்" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சமையல்காரி, "கை தட்டு குன்வோர், இல்லன்னா நீ தங்கச்சிக்கு போன் பண்ணிட்டதா நெனப்பாங்க" என்றாள். தட்டினேன்.

லின்ட்மார்க் இப்போதெல்லாம் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார். காலையில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

உன் சளி போனதா? இஞ்சி போட்டுக் குடி.

குன்வோர்


ஸ்டாக்ஹோம்,
நவம்பர் 20, 1983

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கிறாயா? நானும் நலம், இஞ்சியோடு.

இதை நான் எழுதலாம், ஏனென்றால் இது பொதுவில் இருக்கிறது. ஓகெசன் வியாழக்கிழமை இங்கே வந்தார். விருந்தாளி வந்தால் ஹெட்வால் அறைக் கதவைத் திறந்தேதான் வைப்பார். தாழ்வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் விசாரணையில தலையிட வரல. ஊர் நிலைமையச் சொல்லலாம்னுதான்."

"சொல்லுங்க."

"மே மாசம் வாக்கெடுப்பு வருது."

"வருது. வேணும்னா நாடாளுமன்றம் என்னை வச்சுக்கலாம், வேண்டாம்னா அனுப்பிடலாம். ஆனா நான் எந்தக் கதவைத் தட்டணும், எதைத் தட்டக் கூடாதுன்னு நாடாளுமன்றம் சொல்ல முடியாது. நீங்க அங்க இருக்கறவரு, இது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

பிறகு செயலாளரை அழைத்து, வந்தவர் பெயர், நேரம், பேசியது எல்லாவற்றையும் குறிப்பெழுதிக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். "இது தனிப்பட்ட பேச்சுங்க" என்றார் ஓகெசன். "இந்தக் கட்டடத்துல அப்படி ஒண்ணு இல்ல" என்றார் ஹெட்வால். மறுநாள் நம் நிருபர் அதை ஜாம் இல்லாமலே ருசித்துப் படித்தார்.

ஓகெசன் போன பிறகு ஹெட்வால் வெகுநேரம் ஜன்னல் அருகே நின்றார். அவருக்கு வயது அறுபது. பயமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? நீ சொன்னால் வருகிறேன்.

சோல்வெய்


ஸ்டென்விக்,
டிசம்பர் 11, 1983

சோல்வெய்,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்காதே.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

ஜூனில் நடுக்கோடைப் பண்டிகை விடுமுறை. பாதி ஆட்கள் இல்லை. சனிக்கிழமை காலை ஃபோல்கே ஜன்னலை உடைத்தான். எட்டு மணிக்குப் பட்டை போட்டோம். அவிழ்க்கச் சொல்ல மருத்துவர் வர வேண்டும், மருத்துவர் விடுமுறைக்குப் படகில் போயிருந்தார். மாலை நான் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலை வந்தபோதும் அவன் அப்படியே இருந்தான். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் லின்ட்மார்க் போனில் அவிழ்க்கச் சொன்னார். முப்பத்தொரு மணி நேரம். பதிவேட்டில் நானே எழுதினேன்.

திங்களன்று லின்ட்மார்க் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வெற்றுப் பக்கம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "நாலுன்னு எழுதுங்க சிஸ்டர். விடுமுறை வாரம். யாரும் சாகல." எழுதினேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஃபோல்கேயின் இடது கை விரல்கள் இப்போது மடங்குவதில்லை. அவன் ஓம்புட்ஸ்மனிடம் ஒரு பகல், ஒரு இரவு, இன்னொரு பகல் என்று சொல்லியிருக்கிறான். புத்தகத்தில் நான்கு. அவன் பைத்தியம், நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஜனவரியில் விசாரணையை முடித்துவிடுவார்கள் என்று லின்ட்மார்க் சொல்கிறார். அதனால்தான் கதவைப் பிடிக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வராதே. எரித்துவிடு.

கு.


ஸ்டென்விக்,
டிசம்பர் 29, 1983

சோல்வெய்,

நலமா? உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. "நல்வாழ்த்துகள், சோல்வெய்." அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் நீ எனக்கு எழுதிய மிகச் சிறிய கடிதம் அது.

எரித்துவிட்டாய் என்று ஒரு வரி எழுது. போன் செய்தால் ரூனே எடுப்பார், அவருக்கு எதுவும் தெரியாது.

இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது.

குன்வோர்


ஸ்டாக்ஹோம்,
ஜனவரி 3, 1984

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

உன் கடிதம் டிசம்பர் 14 அன்று வந்தது. இருபது நாள் என் கைப்பையில் இருந்தது. தினமும் அதோடு அலுவலகம் போனேன், அதோடு திரும்பினேன். நடுவில் ஒரு நகராட்சி தனக்கு வந்த கடிதத்தைப் பதிவு செய்ய ஒன்பது நாள் தாமதித்ததற்குக் கண்டனம் எழுதும் வேலையைச் செய்தேன். வரைவு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

இன்று காலை ஈரிஸின் மேசையில் வைத்தேன். முதல் வரிகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்ததா?"

"ஆமா."

"எரிக்கச் சொல்லியிருக்காங்க."

"ஆமா."

"சோல்வெய், நான் இன்னும் முத்திரை வைக்கல. காபி எடுத்துட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும் எனக்கு."

ஐந்து நிமிடம் அவள் மேசை முன்னால் நின்றேன், அக்கா. கடிதம் அங்கேயே இருந்தது. திரும்பி வந்தவள் என்னைப் பார்க்காமலே முத்திரை வைத்தாள். பிறகு ஹெட்வாலிடம் போய், இருபது நாள் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். "இதுக்கு உங்களையும் கண்டிச்சு எழுதணும்" என்றார். எழுதுங்கள் என்றேன்.

ஃபோல்கேயின் பெயரை மறைத்துத்தான் வெளியே கொடுப்பார்கள். உன் பெயரை மறைக்க வழியில்லை. வழக்குப் போடும் அதிகாரம் ஓம்புட்ஸ்மனுக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். உன் வேலை போகலாம். இதைச் செய்தது நான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் வீட்டில் அடுப்பு இருக்கிறது. எரிக்க வேண்டிய கடிதத்தை நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், எதை எழுதினாலும் பதிவு செய்வேன் என்று சொன்ன ஒருத்திக்கு ஏன் அனுப்பினாய்? இருபது நாளும் நான் யோசித்தது இதைத்தான்.

உன் தங்கை,
சோல்வெய்


ஸ்டென்விக்,
ஜனவரி 22, 1984

சோல்வெய்க்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்றால் அதுதான் நலம்.

குன்வோர் எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது, மன்னித்துக்கொள். அவளையும் லின்ட்மார்க்கையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் மீது வழக்கு என்பது உறுதியாம். இவளுக்கு வழக்கா, வெறும் கண்டனமா என்று மார்ச் கடைசியில் தெரியுமாம். கடையில் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சமையல்காரி மட்டும் வீட்டுக்கு வந்து, "அன்னிக்கு நீ கை தட்டினப்பவே நெனச்சேன், இவ சரியாத் தட்டலையேன்னு" என்று சொல்லிவிட்டு ரொட்டி வைத்துவிட்டுப் போனாள்.

நான் உன்னிடம் கோபமாகத்தான் இருக்கிறேன். இவளிடமும் கோபம். ஏழு மாதம் ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னாள்.

போன் செய்யாதே. கடிதம் எழுதினால் அவள் படிப்பாள். படிக்காததுபோல் இருப்பாள், ஆனால் படிப்பாள்.

ரூனே


ஸ்டாக்ஹோம்,
மார்ச் 4, 1984

அன்புள்ள அக்கா,

இது பதில் வராத நான்காவது கடிதம். அத்தான் சொன்னதை நம்பி எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

என்னைப் பற்றிய கண்டனம் வந்துவிட்டது. இரண்டு வரி. பெற்ற ஆவணத்தை இருபது நாள் பதிவு செய்யாமல் வைத்திருந்தது ஏற்க முடியாதது என்று. மற்றவர்களுக்கு நான் எழுதும் அதே வாக்கியம். படித்தபோது அது எவ்வளவு குளிர்ந்த வாக்கியம் என்று தெரிந்தது.

ஹெட்வால் லின்ட்மார்க் மீதான குற்றச்சாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மே மாத வாக்கெடுப்பு முடியட்டும், அப்புறம் போடலாமே என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். "அப்புறம் போட்டா, இப்ப எதுக்குப் போடலன்னு நான்தான் என்னை விசாரிக்கணும்" என்றார். அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தேன்.

உன் முடிவு இன்னும் வரவில்லை. அது எனக்குத் தெரிய வராது, தெரியவும் கூடாது. எது வந்தாலும் நான் ரயில் ஏறி வருவேன். வீட்டுக்குள் விடாவிட்டால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

சோல்வெய்


நாடாளுமன்ற ஓம்புட்ஸ்மன் அலுவலகம்,
ஸ்டாக்ஹோம்

ஸ்டென்விக்,
மார்ச் 19, 1984

மதிப்பிற்குரிய ஓம்புட்ஸ்மன் அவர்களுக்கும், இதைப் பிரிக்கும் திருமதி ஈரிஸுக்கும், பக்கத்தில் என் தங்கை சோல்வெய் இருந்தால் அவளுக்கும்,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். என் முழங்கால் பரவாயில்லை.

நான் ஸ்டென்விக் மருத்துவமனை நான்காம் வார்டின் தலைமைச் செவிலி குன்வோர் நீலியன். என்னைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்று தெரியும். எடுக்கும் முன் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள் வார்டுக்குள் போகக் கூடாது. ஆனால் பார்வையாளர் நேரத்தில் யாரும் போகலாம். நேற்று இரண்டு மணிக்குப் போய், ஃபோல்கேயின் அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். பார்வையாளர் நாற்காலி அவ்வளவு சின்னது என்று நேற்றுதான் தெரிந்தது. புத்தகத்தில் நான்கு என்று பொய் எழுதியது நான்தான், நீ சொன்னதுதான் உண்மை, முப்பத்தொரு மணி நேரம் என்று சொன்னேன்.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"முப்பத்திரண்டு, சிஸ்டர்."

"மூணு மணிக்கு டாக்டர் போன் பண்ணிட்டாரே, ஃபோல்கே."

"பண்ணாரு. அப்ப தாழ்வாரத்து ரேடியோவுல மூணு மணி செய்தி. நீங்க வந்து அவுத்தப்ப நாலு மணி செய்தி. நடுவுல நீங்கள்லாம் காபி குடிச்சிட்டு இருந்தீங்க. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

கேக் இருந்தது. பண்டிகைக்கு வாங்கி மிஞ்சிய ஸ்ட்ராபெரி கேக். இன்னும் ஒரு நாள் வைத்தால் வீணாகிவிடும் என்று நான்தான் வெட்டினேன். அவிழ்க்கலாம் என்ற உத்தரவு வந்த பிறகு. மருத்துவர் இல்லை, ஆள் இல்லை என்றெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சொல்ல முடியாது. அதற்கு யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கு அது நினைவே இல்லை, அவன் சொல்லும் வரை.

அவன் அம்மா பக்கத்தில் இருந்தார். அவர் சாட்சி.

ஆகவே பதிவேட்டிலும், டிசம்பரில் நான் எழுதியதிலும் உள்ள எண் தவறு. முப்பத்திரண்டு என்று திருத்திக்கொள்ளவும்.

தங்கள் நலம் விரும்பும்,
குன்வோர் நீலியன்

சோல்வெய், ரூனே மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ரயில் ஆறேகாலுக்கு வருகிறது.